செம்பட்டி சாலையில் நின்றது

திண்டுக்கல்லில் ஒரு குரு இருந்தார். காவி கிடையாது, தாடி கிடையாது. பெயர் வஹிதா, வயது முப்பத்து நாலு. சாதா சைக்கிளில் மோட்டாரும் பாட்டரியும் பூட்டி, தூர தேசம் போகிறவர்களை அனுப்பி வைப்பது தொழில். அவரே அப்படி ஒரு சைக்கிளில் காஷ்மீர் வரை போய் வந்தவர். அதைப் பற்றிக் கேட்டால், "ரோடு நல்லா இருந்துச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

சீடர் இன்னாசிக்கு ஐம்பத்தெட்டு. நூல் மில்லில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டியவர். மில்லை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார். மோட்டாரைப் பற்றி குருவைவிட அதிகம் தெரிந்த சீடர். அதனால் அவருக்குப் பாடம் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது.

சேர்ந்த புதிதில் இன்னாசி கேட்டார். "எது நல்ல மோட்டார், வாத்தியாரம்மா?"

"யாரு ஓட்டப் போறா?"

"யாரு ஓட்டினா என்ன? மோட்டார் மோட்டார்தானே."

அந்த நேரம் பார்த்து ஒருவர் சைக்கிளோடு வந்தார். கொடைக்கானல் போக வேண்டுமாம். இருப்பதிலேயே பெரிய பாட்டரியாகப் போடச் சொன்னார். இன்னாசி உடனே டேப்பை எடுத்துச் சைக்கிளை அளக்க உட்கார்ந்துவிட்டார். வஹிதா அந்தப் பெரிய பாட்டரியை சைக்கிளின் கேரியரில் கட்டினார். "இதைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போங்க சார்" என்றார்.

வந்தவர் நாலு படி ஏறினார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார்ஜ் போட ரூமுக்குத் தூக்கணும். போற ஊர் லாட்ஜில லிப்ட் இருக்காது" என்று வஹிதா சொன்னார். "சின்னதா ரெண்டு போடுவோம். தனித்தனியாக் கழட்டித் தூக்கிக்கலாம்."

இன்னாசி டேப்பைச் சுருட்டி வைத்தார். பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் இன்னாசி இன்னொரு கேள்வி கேட்டார்.

"மோட்டார் இருக்கிறது ஓட்டுறவங்களுக்கே தெரியாம ஒரு வண்டி பண்ண முடியுமா?"

"முடியும். யாருக்கு?"

"ஒரு கஸ்டமருக்கு."

"அவங்க வந்து ஒரு தரம் ஏறி உக்காரட்டும்."

"அவங்களால வர முடியாது."

வஹிதா ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "அப்ப வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

கஸ்டமர் வேறு யாருமில்லை, இன்னாசியின் மனைவி அருளாயிதான். போன வருடம் அவருக்குப் புற்றுநோய். மதுரை ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தபோது ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். பிழைத்து எழுந்தால், திருவிழாக் கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணிக்கு சைக்கிளில் சொந்தமாக மிதித்தே வருகிறேன் என்று. பிழைத்து எழுந்தார். சைக்கிளை எடுத்தார். ரயில்வே மேம்பாலத்தில் பாதிகூட ஏற முடியவில்லை. இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். பக்கத்தில் நின்ற இன்னாசிக்கு அதைத் தாங்க முடியவில்லை.

குரு வேண்டாம் என்றதும் சீடர் வீட்டிலேயே வேலையை முடித்தார். கெட்டிக்காரர், சும்மா சொல்லக்கூடாது. பின் சக்கரத்தின் நடுவில் சத்தம் போடாத சின்ன மோட்டார். பார்த்தால் பழைய டிரம் பிரேக் மாதிரி இருக்கும். சீட்டுக்குப் பின்னால் டூல்ஸ் பை. அதற்குள் சின்னப் பாட்டரி. ஆக்ஸிலேட்டர் இல்லை, மீட்டர் இல்லை. மிதித்தால் மோட்டாரும் கூடத் தள்ளும், நிறுத்தினால் நின்றுவிடும். என்ன செய்தீர்கள் என்று கேட்ட மனைவியிடம், "பேரிங் மாத்தி கிரீஸ் போட்டிருக்கேன்" என்றார்.

அன்று அருளாயி மேம்பாலத்தை ஒரே மூச்சில் ஏறினார். உச்சியில் நின்று கீழே போகும் ரயிலைப் பார்த்துக் கையாட்டினார். சாதா சைக்கிளில் நாக்குத் தள்ளப் பின்னால் வந்து சேர்ந்த இன்னாசியிடம், "என்னங்க, எனக்கு உடம்பு தேறிருச்சுங்க" என்றார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? இன்னாசிக்கு வரவில்லை.

அப்புறம் தினமும் காலையில் கிளம்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதி வழியில் திரும்பிவிடலாம் என்று இன்னாசி சொல்ல, அருளாயி கேட்கவில்லை. செம்பட்டி வரைக்கும் போய் டீ குடித்துவிட்டுத்தான் வருவேன் என்றார். போனார்கள். குடித்தார்கள். திரும்பும்போது, மேடு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் ஒரு மேட்டில் பாட்டரி தீர்ந்தது.

அருளாயிக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கால் மட்டும் கனத்தது. அழுத்திப் பார்த்தார். எழுந்து நின்று மிதித்துப் பார்த்தார். பிறகு இறங்கி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டார்.

"திரும்பி வந்துருச்சுங்க."

"எது?"

"அதுதான்."

இன்னாசி எழுந்து போய்ச் சாலையில் கையைக் காட்டினார்.  அவ்வழியே வந்த ஒரு குட்டியானை லோடு வண்டியில் இரண்டு சைக்கிளையும் ஏற்றி வீட்டுக்கு வந்தார்கள். அருளாயி பரணிலிருந்து ஆஸ்பத்திரிப் பையை இறக்கினார். சேலைகளை மடித்து உள்ளே வைத்தார்.

மறுநாள் கடை திறக்கும்போதே இன்னாசி வாசலில் நின்றார். எல்லாவற்றையும் ஒப்பித்தார். கடைசியில், "பெரிய பாட்டரியா ஒண்ணு குடுங்க, வாத்தியாரம்மா" என்றார். "இன்னைக்கே மாத்திடறேன். நாளைக்கு ஏறி மிதிச்சான்னா அவளுக்குப் பயம் போயிரும்."

"எவ்வளவு பெருசு?"

"நிக்கவே கூடாது. அவ்வளவு பெருசு."

"அப்படி ஒண்ணு இன்னும் வரலைண்ணே."

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். வஹிதா கோபப்படவில்லை. பொய் சொன்னதைக் குத்திக் காட்டவும் இல்லை. உள்ளே போய் அலமாரியைத் துழாவி, ஒரு சின்ன மீட்டரைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். பாட்டரியில் எவ்வளவு மிச்சம், மோட்டார் எவ்வளவு தள்ளுகிறது என்று காட்டுகிற மீட்டர். கூட்டவும் குறைக்கவும் அதில் பட்டன் உண்டு.

"இதைப் போட்டா அவளுக்குத் தெரிஞ்சுபோயிருமே!"

"வண்டி எப்படியும் எங்கயாவது நிக்கும். நிக்கிறப்ப, நின்னது எதுன்னு அக்காவுக்குத் தெரியணும்ல."

 இன்னாசி மீட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அருளாயி செருப்பை மாட்டிக்கொண்டு மதுரை பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார். இன்னாசி சைக்கிளை வாசலுக்கு உருட்டி வந்து, டூல்ஸ் பையைத் திறந்து பாட்டரியைக் காட்டினார்.

அருளாயிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லை அருளாயி. கரண்டுதான் தீர்ந்துபோச்சு."

அருளாயி சிலுவை போட்டுக்கொண்டார். அழுதார். அழுது முடித்ததும் பிடித்தாரே ஒரு பிடி! "நேத்தெல்லாம் நான் செத்துக்கிட்டிருந்தேன். பக்கத்துல உக்காந்து காப்பி ஆத்திக் குடுத்தீங்களே, பாவி மனுஷா! எனக்கு முடியலைன்னா முடியலைன்னு இருந்துட்டுப் போறேன். நீங்க யாரு எனக்குத் தெரியாம என்னைத் தேத்துறதுக்கு?"

இன்னாசி குனிந்து டூல்ஸ் பையை மூடினார். 

அருளாயி பஸ்ஸுக்குப் போகவில்லை. சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார். பின்னாலேயே இன்னாசி.

"தாயி, மாதாகிட்ட மிதிச்சு வர்றேன்னு சொல்லியிருக்கேன். இந்த வண்டியில போனா அது பொய்யாயிருமா?"

"மாதாகிட்ட சொன்னதுக்கு நான் எப்படிக்கா பதில் சொல்றது? வண்டியைப் பத்தின்னா சொல்லலாம்."

"சரி, வண்டியைப் பத்திச் சொல்லு."

வஹிதா பாட்டரியில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிவிட்டு, பின் சக்கரம் தரையில் படாதபடி சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றினார். "ஏறி உக்காருங்க. மிதிக்காதீங்க."

அருளாயி உட்கார்ந்தார். சக்கரம் அசையாமல் நின்றது. சுவரில் பல்லி கத்தியது. காத்திருந்தார்கள். சக்கரம் அப்போதும் அசையவில்லை.

"இப்ப மிதிங்க."

மிதித்தார். சக்கரம் பிய்த்துக்கொண்டு சுற்றியது. நிறுத்தினார். பிறகு தானாகவே இன்னொரு முறை மிதித்துப் பார்த்தார். நிறுத்தினார்.

"மீட்டரைப் போடுங்க" என்று அருளாயி சொன்னார். "என் கண்ணுக்கு எதிர்ல போடுங்க."

இன்னாசி ஸ்குரூ டிரைவரோடு ஓடி வந்தார். ஹேண்டில் பாரில் மீட்டரை முடுக்கினார். மிச்சப் பாட்டரி இவ்வளவு, தள்ளுகிற அளவு இவ்வளவு என்று விளக்கு எரிந்தது. அவர் குருவைத் திரும்பிப் பார்த்தார்.

"தள்ளுற அளவை எதுல வைக்கட்டும், வாத்தியாரம்மா?"

"ஓட்டுறவங்க உக்காந்திருக்காங்களே. அவங்களைக் கேளுங்க."

இன்னாசி மனைவியின் பக்கம் திரும்பினார். இத்தனை நாளில் அப்போதுதான் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டார்.

"சைபர்ல வைங்க" என்றார் அருளாயி. "பாலம் வந்தா நானே ஏத்திக்கிறேன்."

சைபரில் வைத்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒயரைச் சரி செய்கிற சாக்கில் வஹிதாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வீம்புக்காரி, வாத்தியாரம்மா. முடியாட்டாலும் பட்டனைத் தொட மாட்டா. கூடவே போறப்ப நான் எட்டி ஒரு அமுக்கு அமுக்கி விடலாம்ல?"

வஹிதா கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க உங்க வண்டியை ஓட்டுங்கண்ணே."