கம்பளி போர்த்திய நோயாளி

திருநெல்வேலியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் நடந்துகொண்டிருந்தது அந்த ஸ்பானிஷ் வகுப்பு. சொல்லிக்கொடுக்கிற பிரகாசிக்கு வயது இருபத்தேழு. படிக்க வந்த முத்தரசிக்கு முப்பத்தைந்து. பத்து வருசம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக நின்று கால் வலித்த பிறகு, யுனிவர்சிட்டியில் மேல்படிப்புக்குச் சேர்ந்தவள். அதனால் குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பாள், சிஷ்யை குருவை ‘டீச்சர்’ என்பாள். இரண்டு பேருக்கும் அதில் குறையொன்றும் இல்லை.

ஸ்பானிஷ் பேசுகிற பொலிவியா நாட்டில் ஒரு மலை ஆஸ்பத்திரிக்கு ஆறு மாசப் பயிற்சிக்கு முத்தரசியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பாஷையும் அந்த ஊர்ப் பழக்கமும் இவளுக்குத் தெரியும் என்று டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் தாள் யுனிவர்சிட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வயசு வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு கிடையாது.

பாஷையில் அவள் சோடை போகவில்லை. பழக்கவழக்கமும் படித்தாள். ஓர் அறைக்குள் போனால் அங்கே இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்ல வேண்டும். பழகியவர் என்றால் கன்னத்தோடு கன்னம் வைக்க வேண்டும். அதைக் கேட்ட அவள் வீட்டுக்காரர், “ஏட்டி, அங்க பழகிட்டு வந்து இங்க எங்க பெரியப்பாகிட்ட காட்டிராத” என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை கடைசிப் பரீட்சை. பிரகாசி ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“நான் மலையிலருந்து வந்த கிழவி. ரெண்டு மாத்திரை குடுத்து அனுப்புங்க.”

முத்தரசி நாற்காலியில் இருந்தபடி ஸ்பானிஷில் சொன்னாள். வெள்ளை மாத்திரை காலையில், சாப்பாட்டுக்கு முந்தி. மஞ்சள் ராத்திரியில், சாப்பிட்ட பிறகு. ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. “விளங்கிச்சா?” என்று கேட்டாள்.

கிழவி தலையாட்டினாள்.

“நல்லது. போயிட்டு வாங்க.”

பிரகாசி கம்பளியை மடித்தாள். “கையெழுத்து போடலக்கா. நாளைக்கு வாங்க.”

“எதுல தப்பு?”

“பேச்சுல தப்பே இல்ல.”

புதன்கிழமை முத்தரசி மெதுவாகப் பேசினாள். ‘தாயே’ என்று கூப்பிட்டாள். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னாள். கிழவி இரண்டு தடவையும் தலையாட்டினாள். மறுபடியும் கம்பளியை மடித்துவிட்டாள் பிரகாசி.

முத்தரசிக்குப் பொறுக்கவில்லை. “டீச்சர், என் கடைசித் தங்கச்சி வயசு உங்களுக்கு. நான் பாத்த நோயாளிகள நிறுத்தி வச்சா இந்தத் தெரு கொள்ளாது. எனக்கு மாத்திரை குடுக்கத் தெரியாதா?”

பிரகாசி கோபப்படவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, நிதானமாக, நீளமாக என்னவோ சொன்னாள். கடைசியில் கேள்வி கேட்கிற மாதிரி நிறுத்தினாள்.

முத்தரசி தலையாட்டினாள்.

“என்ன சொன்னேன்?”

“கொஞ்சம் வேகமாச் சொல்லிட்டீங்க...”

“அது ஸ்பானிஷே இல்லக்கா. கெச்சுவா. அந்த மலைக்காரங்க பாஷை. கிழவிக்கு அதுதான் வாயில வரும். ஸ்பானிஷ் அவளுக்குப் பெரிய எடத்துப் பாஷை.”

“பின்ன எதுக்கு நான் தலைய ஆட்டுனேன்?”

“நீங்கதான் சொல்லணும்.”

முத்தரசி “மரியாதைக்கு” என்றாள்.

பிரகாசி விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

வியாழக்கிழமை முத்தரசிக்கு வார்டில் வேலை. படிப்புக்கு நடுவிலும் வாரத்தில் ஒரு நாள் அவள் பழைய ஆஸ்பத்திரிக்குப் போவாள். சர்க்கரை வியாதிக்காரி ஒரு பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஊசி மருந்தை எப்படிப் போட வேண்டும், எத்தனை அளவு, எங்கே வைக்க வேண்டும் என்று முத்தரசி சொன்னாள்.

“பிரிட்ஜுல வைங்க பெரிம்மா. வெளிய வச்சா கெட்டுப்போவும்.”

“சரி தாயி.” தலை ஆடியது.

வேறு நாளாக இருந்தால் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பாள். இன்றைக்குக் கால் நகரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா பையை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். ஜன்னலைப் பார்த்தாள். நர்ஸம்மா போகவில்லை.

“கோவிச்சுக்கிடாத தாயி. எங்க வளவுல பிரிட்ஜு எதுத்த வீட்டுக்காரிகிட்டதான் இருக்கு. அவளுக்கும் எனக்கும் மூணு வருசமா பேச்சுவார்த்த கெடையாது.”

முத்தரசிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றுபோயிற்று. இதற்கு முன்னால் இப்படித் தலையாட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ. மண்பானைக்குள் மருந்தைக் குளுமையாக வைக்கிற வழியைப் பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வகுப்புக்கு வந்தாள். கிழவி கம்பளிக்குள் இருந்தாள். முத்தரசி நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னாள். கிழவி தலையாட்டினாள்.

முத்தரசி எழுந்திருக்கவில்லை. இரண்டு மாத்திரைகளையும் கிழவியின் உள்ளங்கையில் வைத்தாள். ‘விளங்கிச்சா’ என்று கேட்கவும் இல்லை. சும்மா இருந்தாள். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்றது. மறுபடி ஓடியது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்துக் கிழவி கையை நீட்டினாள். ஸ்பானிஷைத் தப்பும் தவறுமாகப் பேசினாள்.

“இதுல காலையில எது மகளே?”

பிரகாசி கம்பளியை விலக்கிவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டாள். மணி நாலரை.

தாளை வாங்கியும் முத்தரசிக்குப் போக மனசு வரவில்லை. “இத எங்க படிச்சீங்க டீச்சர்?”

“அங்கதான், பொலிவியாவுல. அப்பா அந்த ஊருச் சுரங்கத்துல மெஷின் பிட்டர் வேலை பாத்தாரு. எனக்குப் பதினோரு வயசுல அம்மாவுக்கு டி.பி. வந்திச்சு. ஆஸ்பத்திரில விவரமாச் சொல்லித்தான் மாத்திரை குடுத்தாங்க. அம்மா தலையாட்டி வாங்கிட்டு வந்தாங்க.”

“பெறவு?”

“அவங்க கண்ண மூடுன பெறவு கட்டிலுக்கடியில மாத்திரை டப்பா இருந்திச்சு. ஒண்ணுகூடக் குறையல.”

முத்தரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாவம், பாஷ தெரியாத ஊரு. நம்ம தமிழ்ல கேக்க ஒரு ஆளு இருந்திருந்தா...”

“நான் இருந்தேனேக்கா” என்றாள் பிரகாசி. “தெனமும் ஸ்கூல் விட்டு வந்ததும், ‘மாத்திரை போட்டியாம்மா’ன்னு கேப்பேன். தலையாட்டுவாங்க. நான் வெளையாடப் போயிருவேன்.”