பேழைக்குக் காத்திருந்த மேடு

செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்தில் ஒரு குளம் இருந்தது. கரை முழுக்க வெறும் மண். கரைக்குக் கீழே பள்ளத்தில் ஒரு முயல் வளை தோண்டி, மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. ஆண் முயலை நரி கொண்டுபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி பிறந்ததும் எல்லா மிருகங்களும் கரையில் ஏறி முன்னும் பின்னும் நடக்கும். எருமை முன்னால் போகும், பன்றிகள் நடுவில், ஆடுகள் கடைசியில். வெயிலில் வெடித்துக் கிடந்த மண் காலடி பட்டு இறுகிவிடும். இதற்குக் கரைமிதி என்று பெயர். மூன்று நாள் வேலைதான். அப்புறம் எவ்வளவு மழை பெய்தாலும் குளம் தாங்கும்.

இன்னொன்றும் அங்கே இருந்தது. பேழைப் புறாவின் வாக்கு! ஆதி வெள்ளத்தில் மிருகங்களை ஜோடி ஜோடியாக ஏற்றிக் காப்பாற்றிய பேழை என்ற பெரிய கப்பலிலிருந்து பறந்துபோய் இலையோடு திரும்பிய புறா, சாகும் முன் சொன்னது என்று மிருகங்கள் தலைமுறை தலைமுறையாகக் குட்டிகளுக்குச் சொல்லிவந்தன.

"வடக்கே பத்துக் கொம்பன் எழும்புவான். பனிக்காட்டுக் கரடி அவனோடு மோதும். கடல் நடுவே நெருப்பு மிதக்கும். அப்போது பேழை திரும்பி வரும். அது எந்த நாள் என்று கேளாதீர்கள். அதுவரை உங்கள் கரையை மிதித்துக்கொண்டிருங்கள்."

வாக்கு அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் தொந்தரவு செய்ததில்லை. அந்த வருஷம் ஒரு வெள்ளாட்டுக் கிடா கிளம்பும் வரை!

கிடாவுக்கு வெள்ளைத் தாடி. தினமும் பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்குப் போகும். பஜ்ஜி மடித்துக் கொடுத்த பத்திரிகைத் தாள்கள் அங்கே கீழே கிடக்கும். அவற்றைப் படித்துவிட்டுத் தின்னும். எண்ணெய் பட்ட பக்கம் ருசியாக இருப்பதால் அதை மட்டும் படிக்காமலே தின்றுவிடும். அதனால் எந்தச் செய்தியும் அதற்குப் பாதிதான் தெரியும். பாதி தெரிந்தவர்களுக்குத்தான் குரல் பெரிதாக இருக்கிறது, என்ன செய்வது!

ஒரு நாள் கிடா குளத்தருகே இருந்த மேட்டில் ஏறி நின்று கத்தியது.

"எல்லாரும் வாங்க! வாக்கு நிறைவேறுது! வடக்கே பத்து நாட்டுத் தலைவர்கள் ஒண்ணா நின்னு ஒப்பந்தம் போட்டிருக்காங்க. அதான் பத்துக் கொம்பன்!"

கீரி கேட்டது, "அண்ணாச்சி, நானும் அந்தப் படத்தைப் பார்த்தேனே. பன்னிரண்டு பேர்லா நின்னாங்க?"

"ரெண்டு பேர் மொழிபெயர்ப்பாளர்!" என்றது கிடா, கொஞ்சமும் யோசிக்காமல்.

எல்லாம் வாயைப் பிளந்தன.

"பனி நாட்டுப் படை எல்லைக்கு வந்தாச்சு. அதான் கரடி! நடுக்கடல்ல எண்ணெய்க் கப்பல் எரியுது. அதான் மிதக்கிற நெருப்பு! எல்லாம் பொருந்துதா இல்லையா? கணக்குப் போட்டுட்டேன். ஐப்பசி பதினெட்டாம் தேதி, சாயங்காலம், பேழை இந்த மேட்டுல வந்து நிக்கும். ஜோடி ஜோடியா ஏறிக்கலாம்!"

"அப்போ கரைமிதி?" என்று முயல் கேட்டது. "இன்னும் ரெண்டு நாள்ல ஆரம்பிக்கணுமே, அண்ணாச்சி."

கிடா சிரித்தது. "பதினெட்டாம் தேதி உலகமே முடியப்போகுது. கரையை மிதிச்சு யாருக்கு வைக்கப்போற, தங்கச்சி?"

"வாக்குலயே கடைசியில இருக்கே. கரையை மிதிச்சுக்கிட்டிருங்கன்னு."

"அதுல விளக்கம் சொல்ல என்ன இருக்கு? சும்மா ஒரு வரி. கொம்பனைப் பாரு, கரடியைப் பாரு. ஆழமான சங்கதியெல்லாம் அங்கதான் இருக்கு!"

எல்லா மிருகங்களும் தலையாட்டின. கிடாவைச் சொல்லிக் குற்றமில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். தெளிவாகச் சொன்ன ஒரே வரியைத் தாண்டிப்போனதே, அதுதான் குற்றம்.

அந்த வருஷம் கரைமிதி நடக்கவில்லை. மிருகங்கள் மேட்டில் இடம் பிடித்து உட்கார்ந்தன. தினமும் கிடா புதுச் செய்தி கொண்டுவந்தது. எந்த ராஜா யாரை மிரட்டினார், எந்தப் பாலம் உடைந்தது என்று கேட்டுக் கேட்டு அவற்றுக்குப் பொழுது போனது. தூரத்து ஊர்களில் சாவு கூடக் கூட, மேட்டில் சந்தோஷம் கூடியது.

முயல் மட்டும் கரையில் தனியாக ஓடிப் பார்த்தது. அதன் பாதத்துக்கு எவ்வளவு மண் இறுகும்? ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வெடிப்பு வெடிப்பாகவே இருந்தது.

அது எருமையிடம் போனது. "அண்ணே, நீங்க நாலு நடை நடந்தாப் போதும். என் வளைக்கு நேர் மேல இருக்கிற வெடிப்பையாவது மிதிச்சுக் குடுங்க. கண் திறக்காத பிள்ளைங்க அண்ணே!"

எருமைக்கு மனசு இளகியது. முன்னங்கால்களை ஊன்றி எழுந்தது.

"உட்காரு!" என்று கிடா அதட்டியது. "பேழை வரும்னு நம்புறவன் கரையை மிதிப்பானா? உனக்கு நம்பிக்கை இல்லைன்னு சொல்லிட்டுப் போ!"

எருமை சுற்றிலும் பார்த்தது. எல்லாக் கண்களும் அதன் மேல் இருந்தன. மெதுவாக மறுபடி உட்கார்ந்துவிட்டது.

பதினெட்டாம் தேதி வந்தது. சாயங்காலமும் வந்தது. பேழை வரவில்லை. கொக்குகள்தான் வழக்கம்போல் கூட்டுக்குத் திரும்பின.

"என்ன அண்ணாச்சி?" என்றது கீரி.

கிடா சற்று நேரம் தாடியை மென்றது. பிறகு முகம் மலர்ந்தது. "கரடி ரெண்டு அடி பின்வாங்கியிருக்கு! இன்னைக்குத் தாள்ல போட்டிருக்கான். அதனாலதான் தாமதம். இன்னும் ஒன்பது நாள்!"

யாரும் இறங்கிப் போகவில்லை. இவ்வளவு நாள் காத்திருந்தது வீண் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனமில்லை.

இருபதாம் தேதி மழை பிடித்தது. விடாமல் நாலு நாள் கொட்டியது. குளம் விளிம்பு வரை நிரம்பியது. ஐந்தாம் நாள் காலையில் வளையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முயல் வெளியே வந்து பார்த்தது. கரையின் அடியில் கலங்கல் நீர் கசிந்துகொண்டிருந்தது.

சுற்றிலும் தாழ்வான நிலம். மேடு ஒன்றுதான் உயரம். முயல் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடி, அதைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியது.

"கரை போகப்போகுது! எல்லாரும் வந்து மிதிங்க! இல்லைன்னா என் பிள்ளைங்களுக்காவது கொஞ்சம் இடம் குடுங்க!"

மேட்டில் எல்லாம் ஜோடி ஜோடியாக நெருக்கியடித்து நின்றன.

"உனக்கு ஜோடி எங்கே?" என்று கிடா கேட்டது.

"நரி கொண்டுபோனது உங்களுக்குத் தெரியாதா, அண்ணாச்சி?"

"தெரியும் தங்கச்சி. ஆனா பேழையில ஜோடிக்குத்தான் இடம். கணக்கு அப்படி. நீ இங்க நின்னா எங்களுக்கும் கதவு திறக்காமப் போயிடும்!"

முயல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பன்றி வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. எருமை தலையைக் குனிந்துகொண்டது. காலடியில் கிடந்த குட்டி குளிரில் நடுங்கியது. மற்ற இரண்டும் வளையில் தனியாக இருந்தன. முயல் குட்டியை மறுபடி கவ்விக்கொண்டு திரும்பி ஓடியது.

அது பாதி வழி போவதற்குள் கரை உடைந்தது.

தண்ணீர் வந்த சத்தத்தில் மேடே அதிர்ந்தது. வளை இருந்த இடம் தெரியவில்லை. ஒரு பனைமரத்தடியில் முயல் ஒதுங்கிக் கிடந்தது. அது உயிரோடு இருந்தது. வாயிலிருந்த குட்டியைத் தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.

மத்தியானத்துக்குள் குளம் காலியாகிவிட்டது. அடியில் வெறும் சேறு. இனிமேல் கோடைக்கு ஒரு மடக்குத் தண்ணீர் கிடையாது என்பது அப்போதுதான் மேட்டில் இருந்தவர்களுக்கு உறைத்தது.

கிடா மட்டும் துள்ளியது. "பார்த்தீங்களா? வெள்ளம்! நான் சொன்ன மாதிரியே வந்திருச்சு! இனி பேழைதான் பாக்கி!"

இரண்டு மூன்று தலைகள் அதற்கும் ஆடின!

எருமை அங்கே நிற்கவில்லை. இறங்கிப்போய், முட்டளவு சேற்றில் மூக்கால் துழாவிக் குட்டிகளைத் தேடியது. வெகுநேரம் தேடியது. பிறகு உடைந்த கரையில் ஏறி, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மிதித்து நடக்க ஆரம்பித்தது. மிதிக்க மிதிக்க மண் சேறாகச் சரிந்தது. அப்படியும் அது நிறுத்தவில்லை.

முயல் நனைந்த உடம்போடு மெல்ல மேட்டருகே வந்தது. இடம் கேட்கவில்லை. அழவும் இல்லை.

"அண்ணாச்சி, புறா வாக்கோட கடைசி வரியை ஒரு தடவை சொல்லுங்க."

கிடா வாயைத் திறந்தது. கொம்பன் நினைவுக்கு வந்தான். கரடி வந்தது. கடல் நெருப்பும் வந்தது. கடைசி வரி மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

வேத வாக்கை எங்கோ இருக்கும் ராஜாக்களோடு பொருத்தி உலகத்தின் முடிவுக்கு நாள் குறிப்பவர்கள், தங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய, அதே வேதம் தெளிவாகச் சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டுவிடுவார்கள்.