பதினோரு நிமிஷத் தாள்

பதினோரு நிமிஷம் பார்த்து எழுதிய ஒரு தாளை நம்பி ஒரு தாயையும் மகளையும் பிரித்துப் போட்டாயே, நீ எப்போதாவது மாடு வாங்கியிருக்கிறாயா? சந்தையில் கறவை மாடு பிடிக்கிறவன்கூட ரெண்டு வேளை கறந்து பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்க மாட்டான். உன் பெயரைச் சொல்லப் போவதில்லை. கையெழுத்துப் போட்ட உனக்கே தெரியும். கதையைக் கேள். கடைசியில் ஒரு கேள்வி வரும்.

சென்னியப்பன் மாட்டுத் தரகன். படிப்பு ஆறாவதோடு சரி. மிச்சத்தைச் சந்தை உதைத்துச் சொல்லிக்கொடுத்தது. விலை பேசும்போது துண்டுக்கடியில் எதிராளியின் விரலைப் பிடித்தாலே அவன் எதுவரை இறங்குவான் என்று கண்டுகொள்வான். அவனுக்கு ஒரே தங்கை, கோகிலவாணி. அவளுக்கு பைபோலார் என்கிற இருமுனை மனநோய். ஒரு பருவத்தில் மனசு வானத்தில் பறக்கும். தூக்கமும் வேண்டாம், சோறும் வேண்டாம். இன்னொரு பருவத்தில் பாதாளத்தில் கிடக்கும்.

நாலு வருஷத்துக்கு முன், அப்படிப் பறந்த ஒரு வாரத்தில், ரெண்டு வயசு மகள் சம்யுக்தாவைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள். மூன்றாம் நாள் ராமேஸ்வரத்தில் கண்டுபிடித்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. கணவன் நவநீதன் அன்றைக்குப் பயந்தான். அந்தப் பயம் பொய்யில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை.

கோகிலவாணி வைத்தியத்துக்குப் போனாள். லித்தியம் மாத்திரை. மூன்று வருஷமாக ஒரு வேளை தப்பியதில்லை, நோயும் திரும்பவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருதரம் ரத்தம் கொடுத்து, மருந்து உடம்பில் சரியான அளவில் நிற்கிறதா என்று பார்த்த சீட்டுகள் பன்னிரண்டு. ஆனால் மாத்திரை தன் கூலியைக் கேட்டது. எந்நேரமும் தாகம், கையில் ஓர் ஓயாத நடுக்கம். ரவிக்கையில் ஆரித் தையல் வேலைக்காக நாலு ஊர்ப் பெண்கள் தேடி வந்த கை, ஊசியைக் கீழே வைத்தது. டாக்டர் அளவைக் குறைத்துப் பார்த்தார். "இதுக்குக் கீழ போனா நோய் எட்டிப் பார்க்கும்மா" என்று நிறுத்திக்கொண்டார்.

நவநீதன் குடும்பநல நீதிமன்றத்தில் மனுப் போட்டான்: 'அவள் மருந்து சாப்பிடுவதில்லை, பிள்ளையை விட முடியாது.' நீதிமன்றம் ஒரு வாக்குக் கொடுத்தது. ஒழுங்காக மருந்து எடுக்கிறவள் என்றால் சனி, ஞாயிறு மகள் அவளோடு இருக்கலாம். பார்த்து எழுத ஓர் ஆலோசகர் வருவார்.

சென்னியப்பன் தங்கையின் கையைப் பார்த்தான். வாங்குகிறவன் கண் முதலில் எங்கே விழும் என்று அவனுக்குத் தெரியாதா?

"அம்மிணி, நாலு நாளைக்கு மாத்திரையை நிறுத்து. கை நடுக்கம் நின்னுரும். கொழந்தை வந்தப்பறம் முழுங்கிக்கலாம்."

"கறக்காம மடி கட்டி மாட்டை விக்க வந்தவனை என்னண்ணா பண்ணுனீங்க?"

ரெண்டு வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டிய ஒருவனை, போன தை மாசச் சந்தையில் செருப்பைக் கழற்றிக்கொண்டு துரத்தியவன் சென்னியப்பன்தான்.

"அந்த வேலையை எம்பட புள்ளைகிட்டயே பண்ணச் சொல்றீங்களா? அன்னைக்கு பஸ் ஏறுனவ நாந்தானுங்ண்ணா. இன்னொருக்கா ஏற மாட்டேன்."

"கெட்டிக்காரி! இதைக் கோர்ட்டுல போய்ச் சொல்லு, மாலை போட்டு அனுப்புவாங்க" என்று எரிந்து விழுந்தான். ஆனால் அன்று மாத்திரையையும் சொம்புத் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டியது அவன்தான்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் சம்யுக்தா அப்பாவின் கையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அம்மாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏம்மா கை ஆடுது?"

"மாத்திரை வேலை செய்யுது கண்ணு."

நவநீதன் காதில் அது விழுந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆலோசகர் அறையில் அவள் மூன்று தரம் தண்ணீர் குடித்தாள். சீட்டுகளை எடுத்து நீட்டினாள். "பேப்பரெல்லாம் வக்கீல்கிட்டக் குடுங்கம்மா. நான் பார்க்க வந்தது உங்களை" என்றார் ஆலோசகர். வெளியே சென்னியப்பன் செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு நிமிஷம். வக்கீல் சீட்டுகளை வழக்குக் கட்டில் சேர்த்தார். ஆலோசகர் எழுதினார்: 'கைகள் நடுங்குகின்றன. அடிக்கடி தண்ணீர் குடிக்கிறார். பதற்றம் மிகுந்தவர். நோய் கட்டுக்குள் இல்லை.' அடுத்த வாய்தாவில் ஒரே வரி உத்தரவு. அறிக்கை ஏற்கப்பட்டது, மகளைத் தாயோடு அனுப்ப இயலாது.

இப்போது கேள்வி. பயந்து மனுப் போட்டவன் கணவன். குறுக்கு வழி சொன்னவன் அண்ணன். கண்ணால் கண்டதை எழுதியவர் ஆலோசகர். எழுதியதை நம்பிக் கையெழுத்துப் போட்டது நீதிபதியாகிய நீ. தோற்கக்கூடும் என்று தெரிந்தே மாத்திரையை விழுங்கியவள் கோகிலவாணி. இதில் யார் செய்தது சரி? பிள்ளை கைவிட்டுப் போனது யார் குற்றம்?

விடை: சரியாகச் செய்தவள் கோகிலவாணி ஒருத்திதான். அண்ணன் மடி கட்டப் பார்த்தான், ஆனால் கட்டவில்லை. நவநீதனின் பழைய பயம் மெய்; தாழ்வாரத்தில் காதில் விழுந்த பிறகும் மனுவைத் திருத்தாதது குற்றம். ஆலோசகர் கண்டது மெய். ஏன் என்று கேட்காதது குற்றம். ஆனால் மனு, அறிக்கை, சீட்டுகள் மூன்றும் ஒரே கட்டாக வந்து சேர்ந்தது உன் மேஜைக்குத்தான். மருந்து சாப்பிடவில்லை என்கிறது மனு. மருந்து சாப்பிடுகிறவளுக்கு வரும் நடுக்கத்தையும் தாகத்தையும் வரிசையாகச் சொல்கிறது அறிக்கை. பன்னிரண்டு சீட்டும் அடியில் கிடக்கிறது. டாக்டரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மனு அங்கேயே செத்திருக்கும். ஆறு வயசுப் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றியது உனக்குத் தோன்றவில்லை. நோய் கட்டுக்குள் இருப்பதற்கான அடையாளத்தையே நோய் என்று எழுதிய தாளை ஏற்று, மருந்தை ஒழுங்காக எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவள் காப்பாற்றியதற்கு அவளுக்கே தண்டனை கொடுத்தாய். கட்டை மறுபடி பிரி. டாக்டரைக் கூப்பிடு. அந்த ஒரு வரியை உன் கையாலேயே அடித்துவிட்டுத் திருத்தி எழுது. சனிக்கிழமை வருகிறது, அந்தப் பிள்ளையை அவள் அம்மாவிடம் அனுப்பு.