நைந்த விரிப்பு

நொய்யல் கரையில் ஒரு சின்ன மடம். வீட்டார் கைவிட்ட நோயாளிகளுக்காக அங்கே ஒரு கூடம் இருந்தது. சீடராகி வந்த நாளிலிருந்து நாச்சிமுத்துவுக்கு அந்தக் கூடத்தைக் கவனிப்பதே வேலையாகிப் போனது. குரு சிற்றம்பல அடிகளைவிட அவர் வயதில் மூத்தவர். ஆனாலும் அடிகள் முன்னால் உட்கார மாட்டார்.

அன்று காலை உட்கார்ந்துவிட்டார். தோளில் ஒரு அழுக்கு விரிப்பு கிடந்தது.

"நான் மடத்த விட்டுக் கெளம்பறனுங்க சாமி. உத்தரவு குடுங்க."

"ஏன்?"

"நான் நைஞ்சுபோயிட்டனுங்க."

"என்ன நடந்தது?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்கு விடியக்காலைல, கூடத்துல கெடந்த மாரப்பன் போயிட்டாருங்க. நான் அவரு கண்ண மூடிவிடலீங்க. வெயிலுக்கு முன்னாடி தொவைக்கோணும்னு, அடியில கெடந்த இந்த விரிப்ப உருவிட்டேன். பொறகுதான் பாக்கறேன், கண்ணு தெறந்தே கெடக்குது. அப்பவும் ஒரு பொட்டு அழுகை வரலீங்க. இந்தக் கைய வெச்சுட்டு இனி யாரத் தொடறது?"

அவருக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்கவும் தெரியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் நாலு வார்த்தை ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அடிகளிடம் நேராகக் கேட்டால் நேராகப் பதில் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஜவுளிக் கடைக்காரர் மாதிரி அந்த விரிப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுவும் நைஞ்சிருக்கே."

"ஆமாங்க."

"எந்த இடத்துல?"

"நடுவுலீங்க. ஆளு படுக்கற எடம்."

"ஓரம்?"

"ஓரத்துக்கு என்னுங்க? வாங்குன மாதிரியே இருக்குது."

"தூக்கி எறிஞ்சிடலாமா?"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது.

"எதுக்குங்க எறியறது? நடுவுல நீட்டுக்குக் கிழிச்சு, ரெண்டு ஓரத்தையும் நடுவுக்குக் கொண்டாந்து தெச்சாப் போதும். கூடத்துல கெடக்கறதுல பாதி அப்படித் தெச்சதுதானுங்க."

"நைஞ்ச பக்கம் என்ன ஆகும்?"

"அது ஓரமாப் போயிருமுங்க. அங்க பாரம் இல்லீங்களே."

அடிகள் விரிப்பை மடித்து அவர் கையில் கொடுத்தார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்துப் பக்கம் நடந்தார்.

"எங்கீங்க போறீங்க, சாமி?"

"மாரப்பனைக் குளிப்பாட்டணுமே. இனிமே கூடம் என் பொறுப்பு. நீங்க என் இடத்துல உட்காருங்க. தேடி வர்றவங்க சொல்றதைக் கேட்டுக்குங்க."

நாச்சிமுத்து பதறிப்போய் எழுந்தார்.

"ஐயோ, அது பீ, மூத்திரம் அள்ளற வேலைங்க. சாமி எதுக்குங்க? உங்க வார்த்தைக்குத்தானுங்க ஊர் ஊராத் தேடி வர்றாங்க. நீங்க பேசுனாத்தான் அவங்களுக்கு ஆறுதல்."

அடிகள் வாசற்படியில் நின்றார். திரும்பாமலே சொன்னார்.

"போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவங்க. ஆறுதல் சொல்லிக்கிட்டே இருந்தேன். சொல்லும்போதே, மத்தியானம் என்ன குழம்புன்னு மனசுல ஓடிச்சு. அந்த அம்மா என் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனாங்க."