வாயு காயப்போட்ட நாள்

நண்டுக்குப்பத்துக் கன்னியப்பனுக்குக் கருவாடு காயப்போடுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. அதுவும் அரைகுறைதான் என்பாள் அவன் பெண்டாட்டி சிந்தாமணி. அன்று காலையில் கறாராகச் சொல்லிவிட்டாள்:

"புதுசா வந்திருக்குற காஸ் கம்பெனியில ஒரு வேலையில சேந்து, அது நிரந்தரமாகாம வீட்டுப் பக்கம் வராத. வந்தா சோறு கிடையாது."

மச்சான்மார் தேசிங்கையும் வடமலையையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனான். இஞ்சினியர் பொற்கொடியம்மா விளக்கமாகச் சொன்னார்:

"கடலுக்கடியில எடுக்குற வாயு குழாய் வழியா இங்க வருது. ஈரம் போகக் காயவச்சு, குளிரவச்சு, கப்பல்ல ஏத்தி வெளிநாட்டுக்கு அனுப்புறோம். கப்பல் நிறையுற வரைக்கும் காவல் இருங்க. கொஞ்சங்கூட வீணாகக் கூடாது. ஒழுங்கா இருந்தா வேலை நிரந்தரம்."

இயந்திரமெல்லாம் உள்ளே இரைந்துகொண்டிருந்தது. வெளியே துடைத்துவிட்டாற்போல ஒரு சிமெண்டுக் களம்.

"இங்கதான் காயப்போட்டிருக்காங்க," என்றான் கன்னியப்பன்.

"ஒண்ணையும் காணமே மாமா?" என்றான் தேசிங்கு.

"வாயு எப்படிடா கண்ணுக்குத் தெரியும்? மிதிக்காத, ஓரமா நட!"

தேசிங்கு குச்சியோடு காக்காய் விரட்டினான். உச்சி வெயிலில் வடமலைக்குக் கவலை வந்துவிட்டது.

"ஒரு பக்கமே காஞ்சா மறுபக்கம் நாறிடுமே மாமா."

மூன்று பேரும் குனிந்து களம் முழுவதையும் கையாலேயே புரட்டிப் போட்டார்கள்.

"உப்பு போட்டிருப்பாங்களா?"

"தெரியலியே. வெளிநாடு போறதுக்குள்ள புழு வச்சா கம்பெனி மானம் போயிடும்டா."

ஒரு மூட்டை உப்பு வாங்கிவந்து தூவினார்கள்.

நாலு மணிக்கு மேகம் கட்டியது. தார்ப்பாயை விரித்து மூடி, மூலைக்கு ஒருவராகப் படுத்தார்கள். ஒரு மூலை மிஞ்சியது. அது வழியாக வாயு ஓடிவிட்டால் வேலை போச்சே! கன்னியப்பன் ரொம்ப நேரம் யோசித்து, தன் செருப்பைக் கழற்றி அதன்மேல் வைத்தான்.

கப்பல் ஊதியது. பொற்கொடியம்மா சிரித்த முகமாக வந்தார்.

"கப்பல் நிறைஞ்சிடுச்சு. ஒரு பொட்டுக்கூடக் கசியல. நாளையிலேருந்து மூணு பேருக்கும் நிரந்தரம்!"

அவர் போனதும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். உப்பு மட்டும் கிடந்தது.

"நாம மேல படுத்திருக்கும்போதே அள்ளி ஏத்திட்டாங்களே மாமா!"

"அதான்டா கம்பெனி!"

கருவாட்டுக் களத்தில் காயப்போட்டவர்கள் குழம்புக்கு ஒரு கை எடுத்துப்போவது வழக்கம். கன்னியப்பனும் செருப்பு வைத்த மூலையில் மிஞ்சியதை வழித்துத் துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தான்.

வேலை நிரந்தரம், துண்டில் வாயு என்று கேட்டதும் சிந்தாமணி உடனே புளிக்குழம்பு கூட்டினாள். முடிச்சை அவிழ்த்து, கொதிக்கிற குழம்பில் அப்படியே கொட்டினாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

"வாயு நல்லாத்தான் இருக்கு. உப்புதான் தூக்கல்," என்றாள். "நாளைக்குக் காயாததா பாத்துக் கொண்டா. வறுத்துப் பாப்போம்."