பூங்கோதை ஊன்றிய கல்

ஞானப்பிரகாசம் ராணுவத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்து நில அளவர் வேலையில் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. வேலை கற்றுக்கொடுத்த பூங்கோதைக்கு முப்பத்தெட்டு. தாலுகா அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஞானப்பிரகாசத்துக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தெரிந்தவர் சொல்கிறார், தெரியாதவன் கேட்கிறேன் என்று இருந்தார்.

முதல் நாளே அவர் கேட்டார்.

"நல்ல சர்வேயர்னா எப்படி இருக்கணும் மேடம்?"

"முள்ளுக்குப் பயப்படாம நடக்கணும் சார்" என்றார் பூங்கோதை. அதற்கு மேல் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் அவர் பின்னால் நடந்தார் ஞானப்பிரகாசம். யார் வீட்டு நிலத்தை அளந்தாலும் பூங்கோதையின் குரல் ஒரே மாதிரி இருக்கும். பணக்காரர் நிலத்திலும் நடந்துதான் போவார், ஏழை நிலத்திலும் நடந்துதான் போவார். அளந்து முடிக்கும் வரை ஒரு வாய் தண்ணீர்கூட வாங்க மாட்டார். இப்படி ஒருவரிடம் வேலை கற்றோம் என்பதில் ஞானப்பிரகாசத்துக்கு உள்ளூர ஒரு பெருமை.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்குக் கையும் காலும் ஓடவில்லை.

கூடலூர்ப்பட்டியில் நல்லுசாமி என்பவரின் புன்செய்க் காட்டை ஒட்டிய ஒரு நிலத்தை அளக்க அன்று தனியாகப் போயிருந்தார். அளந்தால் நல்லுசாமியின் காடு அரசாங்க நில வரைபடத்தில் இருப்பதைவிட இரண்டு மீட்டர் அகலமாக இருந்தது. மறுபடி அளந்தார். மூன்றாவது முறையும் அளந்தார். அதே இரண்டு மீட்டர்.

கிழக்கே இருந்த எல்லைக் கல்தான் தப்பு. நல்லுசாமிக்கும் அவர் அண்ணன் வீரமலைக்கும் நடுவில் நிற்கிற கல். ஒன்பது வருடம் முன்னால் ஊன்றியது. அலுவலகத்துக்கு வந்து பழைய கோப்புக் கட்டை எடுத்துப் பார்த்தார். ஊன்றியவர் இடத்தில் பூங்கோதையின் கையெழுத்து இருந்தது.

ஞானப்பிரகாசம் வெகுநேரம் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வரைபடத்தில் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று எண்களை மாற்றி எழுதினார். இரண்டு மீட்டர் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

மறுநாள் காலை பூங்கோதை அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதை டேப்பை எங்க போட்டு அளந்தீங்க சார்? தரையிலயா, மேஜை மேலயா?"

"ஏன் மேடம்?"

"காட்டுல அளந்தா எங்கயாவது ஒரு விரல் அகலமாவது கணக்கு இடிக்கும். இது எங்கயுமே இடிக்கலையே."

ஞானப்பிரகாசம் எதிரி முன்னால்கூட அப்படித் தலை குனிந்ததில்லை.

"ஒரு கல் தப்பா இருக்கு மேடம். ரெண்டு மீட்டர்." அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "போட்டது நீங்க."

பூங்கோதை வரைபடத்தை மேஜை மேல் வைத்தார். அண்ணன் தம்பி நடுவில் இருக்கிற கல்லா என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். உடனே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

பத்து மணிக்கு இருவரும் அந்தக் கல்லருகே நின்றார்கள். பூங்கோதை வீரமலை நிலத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து அளந்தார். நல்லுசாமி நிலத்தின் மேற்கு ஓரத்திலிருந்தும் அளந்தார். டேப்பைச் சுருட்டினார்.

"நீங்க சொன்னது சரி. வீரமலை நிலத்தோட கிழக்கு ஓரத்துக் கல்லை யாரோ முன்னாடியே நகர்த்தியிருக்காங்க. அதை நம்பி நான் ஒரு பக்கமிருந்து மட்டும் அளந்து ஊன்றிட்டேன்."

கல்லுக்கு மேற்கே முள்வேலி. வேலிக்குள், ஒரு வேப்பமரத்தடியில் சிறிய மண்மேடு இருந்தது. அதன் மேல் காய்ந்த செவ்வந்தி.

"அது என்ன மேடம்?"

"அண்ணன் தம்பியோட அம்மாவைப் புதைச்ச இடம். என் கல்லால அது தம்பி பக்கம் போயிடுச்சு. கல் தப்புன்னு அண்ணன் சொன்னதும், நிலத்துக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்றார்னு தம்பி ஊர் நடுவுல பேசிட்டார். அன்னையிலேருந்து வீரமலை இந்த வேலியைத் தாண்டினதில்லை. அமாவாசைக்கு வெளியில நின்னு சூடம் கொளுத்துவார்னு சொல்வாங்க."

பூங்கோதை நேராக வீரமலையின் வீட்டுக்கு நடந்தார். ஞானப்பிரகாசம் எட்டி நடந்து பின்னால் போனார். ஊர்க்காரர்கள் பூங்கோதையை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அலுவலகத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

வீரமலை மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டி உலர்ந்த உடம்பு. பூங்கோதையைக் கண்டதும் முகம் இறுகியது.

"ஐயா, ஒன்பது வருஷம் முன்னாடி நான் ஊன்றின கல் தப்பு. நீங்க சொன்ன இடம்தான் சரி."

வீரமலை கையிலிருந்த சோளத்தட்டையோடு நிமிர்ந்தார்.

"மறுக்காச் சொல்லுங்க."

"நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என்னுது."

"அந்தப் பக்கமிருந்தும் ஒருக்கா அளங்கன்னு அன்னைக்கே சொன்னேனுங்களே."

"சொன்னீங்க. அதுக்கு முன்னாடி, பொம்பளைக்கு என்ன அளக்கத் தெரியும்னும் சொன்னீங்க. அந்தக் கோபத்துல நான் அளக்கல."

மாடு தலையை நீட்டி அவர் கையிலிருந்து தட்டையை இழுத்துக்கொண்டது. வீரமலைக்கு அது தெரியவில்லை.

"நான் பேசினது தப்புத்தானுங்க" என்றார் மெதுவாக. பிறகு கேட்டார்: "அப்ப எங்கம்மா?"

"உங்க நிலத்துலதான் இருக்காங்க."

வீரமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

"இதை அவன் வீட்டுல வந்து சொல்லுவீங்களா?"

"அங்கதான் அடுத்துப் போறேன். நீங்களும் வாங்க."

நல்லுசாமி வாசலில் மோட்டார் பம்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பூங்கோதை சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு அண்ணனைப் பார்க்காமல் எழுந்து வீட்டுக்குள் போனார். வெளியே வரும்போது கையில் அரிவாள் இருந்தது.

ஞானப்பிரகாசம் தன்னையறியாமல் பூங்கோதைக்கு முன்னால் வந்து நின்றார். நல்லுசாமி அவரைச் சுற்றிக்கொண்டு காட்டை நோக்கி நடந்தார். மற்ற மூவரும் பின்னால் போனார்கள்.

வேப்பமரத்தடியில் நல்லுசாமி வேலியை வெட்டத் தொடங்கினார். கையில் முள் கீறி ரத்தம் வந்தது.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் பூங்கோதை. "மேல எழுதி, உத்தரவு வந்தாத்தான் கல்லை எடுக்க முடியும்."

"கல்லுக்கு உத்தரவு வரட்டுமுங்க. வேலி நான் போட்டது."

ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி ஆனதும் அவர் அரிவாளைக் கீழே போட்டார். அண்ணனை நேராகப் பார்க்க முடியாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வாண்ணா. உள்ள வா."

வீரமலை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மேட்டின் அருகே குந்தி உட்கார்ந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தார். நல்லுசாமி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து வீரமலை தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, தைத்திருந்த முள்ளை நகத்தால் எடுக்க ஆரம்பித்தார்.

பூங்கோதை ஞானப்பிரகாசத்துக்குக் கண் காட்டினார். இருவரும் சத்தமில்லாமல் நகர்ந்து பேருந்து நிற்கும் இடத்துக்கு வந்தார்கள்.

வெயில் ஏறியிருந்தது. ஞானப்பிரகாசம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"தப்பு உங்களுதுன்னு நீங்களே எழுதினா உங்களுக்கு மெமோ வரும் மேடம்."

"வரும்."

"நேத்து நான் மறைச்சது..."

"என் மேல வெச்ச மரியாதையில மறைச்சீங்க. தெரியும் சார்." அவர் குரலில் கோபம் இல்லை. "அந்த மரியாதை இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருந்தா, வீரமலை வெளியில நின்னே செத்துப் போயிருப்பார்."

தூரத்தில் பேருந்தின் சத்தம் கேட்டது.

"நான் என்ன செய்யணும் மேடம்?"

"இந்தத் தாலுகாவுல நான் போட்ட கல் எல்லாத்தையும் அளக்க நமக்கு ஆயுசு பத்தாது. கோபத்தோட நின்ன நாள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. எழுதித் தர்றேன், அந்தக் கல்லை எல்லாம் அளந்து பாருங்க."

பேருந்து வந்து நின்றது. பூங்கோதை படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"யார் மேலயாவது பிரியப்பட்டு அளந்த நாள்தான் சார் ஞாபகம் வர மாட்டேங்குது. அதுலயும் கல் தப்பியிருக்கும். அதை நீங்கதான் தேடிக் கண்டுபிடிக்கணும்."