ராஜாவுக்குக் கால் முளைத்த ஞாயிறு

ஆசிரியைக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தொன்று. அவர் ஆசிரியையை மிஸ் என்பார். ஆசிரியை அவரை சார் என்பார்.

புதுச்சேரியில், நாடக உடுப்பு வாடகைக்கு விடும் கடையின் மாடியில், ஞாயிறு காலைகளில் ஜெசிந்தாவின் ஓவிய வகுப்பு நடந்தது. கீழே கடையிலிருந்து வாரம் ஒரு வேடம் மேலே ஏறி வரும். ஒரு வாரம் கல்யாணப் பெண். ஒரு வாரம் போலீஸ்காரர். வேடம் கட்டியவர் மரப்பலகை மேல் ஏறி இரண்டு நிமிடம் அசையாமல் நிற்பார். மணி அடித்ததும் அவர் வேறு மாதிரி நிற்பார், வரைபவர்கள் வேறு தாளுக்குப் போவார்கள். முகம் வேண்டாம், நகை வேண்டாம். உடம்பு என்ன செய்கிறது என்பது மட்டும் கரிக்கோட்டில் விழ வேண்டும். ரப்பர் கூடாது.

தணிகாசலம் இருபது வருஷம் துபாயில் கட்டட வரைபடம் போட்டவர். ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு இழுப்பார். ஆனால் ஏழு ஞாயிறாக அவர் வரைந்த ஆள் ஒருவருக்கும் கால் இல்லை. தலையில் தொடங்குவார். கொண்டைப் பூவை எண்ணுவார். இடுப்புக்கு இறங்குவதற்குள் மணி அடித்துவிடும்.

எட்டாவது ஞாயிறுக்குள் ஒரே ஒரு ஆளையாவது பாதம் வரை முடிக்காதவர் அடுத்த வகுப்புக்கு இல்லை. முதல் நாளே சொல்லியாயிற்று. ஊர் திரும்பிய பிறகு தணிகாசலத்துக்கென்று இருந்ததே இந்த இரண்டு மணி நேரம்தான்.

இன்று எட்டாவது ஞாயிறு. மேலே வந்தது ராஜா வேடம்.

“சார், உங்க ராஜாவுக்கு இன்னைக்காவது கால் முளைக்குமா?” என்றாள் பக்கத்தில் வரையும் ரெஜினா.

அவர் சிரிக்கப் பார்த்தார்.

ராஜா வேடத்தில் நின்றவர் துரைக்கண்ணு. மற்ற நாட்களில் அரிசி மண்டியில் மூட்டை தூக்குபவர். “மூட்டையக்கூட இறக்கி வச்சிடலாம் மிஸ். இந்தக் கிரீடத்த எங்க இறக்குறது?” என்று சொல்லிக்கொண்டேதான் காலையில் பலகை ஏறினார். 

ஐந்து தாள் போயிற்று. ஐந்திலும் கிரீடம் உண்டு, கால் இல்லை.

ஆறாவது நிலை. துரைக்கண்ணு வாளை உயர்த்தி, இடது காலை முன்னால் ஊன்றினார். ஜெசிந்தா பின்வரிசையில் யாருடைய தாளையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பயத்தில் தணிகாசலம் இதுவரை செய்யாததைச் செய்தார். குதிகாலில் கரியை வைத்து உச்சி வரை ஒரே இழுப்பாக இழுத்தார்.

கோடு இடது பக்கம் சாய்ந்திருந்தது.

இப்படி ஒரு கோடு போட்டால் கட்டடம் நிற்குமா? நிமிர்ந்து பார்த்தார். கிரீடம் பளபளத்தது. வாள் மேலே இருந்தது. ராஜாவாவது, சாய்வதாவது. கைக்குட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த ரப்பரை எடுத்தார். அழித்தார். தூக்குக்குண்டு விட்டதுபோல் நேராக ஒரு கோடு. அதன் மேல் மளமளவென்று தோள், இடுப்பு, தொடை, பாதம். விரல்கூடப் போட்டார்.

“முடிச்சிட்டேன் மிஸ்!”

பலகை அதிர்ந்தது. துரைக்கண்ணு தரையில் கிடந்தார். கிரீடம் சுவர் வரைக்கும் உருண்டு போயிற்று.

தூக்கி உட்கார வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். முழங்கை சிராய்த்திருந்தது.

“ஆரம்பத்துலேருந்தே ஒரு பக்கமா இழுத்துச்சு மிஸ். கலைஞ்சா வரையறவங்களுக்குக் கெட்டுப்போகுமேன்னு பல்லக் கடிச்சிட்டு நின்னேன்.”

ஜெசிந்தா காயத்தைத் துடைத்துவிட்டு எழுந்தார். தணிகாசலத்தின் தாளருகே வந்தார். நேரான ராஜாவின் பின்னால், முழுதும் அழியாத கரி மங்கலாகத் தெரிந்தது.

“இது என்ன?”

“அது தப்பு மிஸ். சாஞ்சிருந்துச்சு. அழிச்சிட்டேன்.”

“எது சாஞ்சிருந்துச்சு?”

“கோடு.”

ஜெசிந்தா துரைக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார்.

“ரப்பர் எடுத்தது தப்புதான். ஆனா பாதம் வரைக்கும் முடிச்சிருக்கேன். அடுத்த வகுப்புக்கு நான் உண்டா மிஸ்?”

ஜெசிந்தா சுவரோரம் கிடந்த கிரீடத்தை எடுத்து வந்து அவர் தலையில் வைத்தார்.

“ஏறுங்க சார்.”

ஏறினார். கையில் வாளைக் கொடுத்தார்கள். உயர்த்தினார். இடது காலை முன்னால் வைத்தார். ரெஜினா புதுத் தாள் மாற்றினாள். 

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கிரீடம் கழுத்தை அமுக்கியது. கழுத்து முதுகை இழுத்தது. நேராகத்தான் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். இடது முழங்கால் நடுங்கத் தொடங்கியது. எதிரே எல்லோரும் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள். விழுந்தால்தான் பார்ப்பார்களோ?

“சார், மூச்ச அடக்காதீங்க. விடுங்க,” என்றார் கீழே உட்கார்ந்திருந்த துரைக்கண்ணு.

மணி அடித்தது. அவரால் கையை இறக்க முடியவில்லை. ஜெசிந்தா வந்து வாளை வாங்கிக்கொண்டார்.

“எங்க வலிக்குது சார்?”

“இடது முட்டி.”

“அடுத்த ஞாயிறு அங்கேருந்து ஆரம்பிங்க.”